மெஷின் பாஸ் போட்ட ஜோடி

அன்று தி. நகரில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ் மாடி அறையில் இருந்தவர்கள்: எங்கள் முதலாளி ராகவன் சார். மயிலாப்பூரில் வரன் பார்த்துக் கொடுக்கும் மைதிலி மாமி. மாமியின் மகன் ஸ்ரீதர். மகள் லலிதா. ஆபீசில் எல்லாருடைய புரோகிராமையும் வாசித்துத் தப்புப் பிடிக்கும் சாந்தி அக்கா. கடைசியாக, நான் என்கிற மேதை.

நான் ஒன்பதாவது ஃபெயில். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சார் எழுதிய புரோகிராம்களை அடித்து அடித்தே தொழில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மாமிக்காகச் செய்த ஜாதகப் பொருத்தம்தான் நானே எழுதிய முதல் புரோகிராம். மாமிக்குப் பிடித்துவிட்டால் நான் புரோகிராமர். சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

எதுவும் வெளியே போகும் முன் தாளில் அச்செடுத்து அக்காவிடம் தர வேண்டும். வரிக்கு வரி கேட்பார். "இது எதுக்கு? அது எங்க போவுது?" இரண்டு நாள் உயிரை வாங்குவார். அந்த மாதம்தான் ஃப்ளாப்பியில் ஒரு செக்கிங் புரோகிராம் வந்தது. ஒரு நிமிஷத்தில் முழுவதையும் படித்துத் தப்புகளைச் சொல்லும். அக்கா கோட்டைவிட்ட ஒன்றைக்கூடப் பிடித்தது. (டீயும் கேட்காது.)

என்னுடையதைக் கொடுத்தேன். திரை நிறையத் தப்பு. சரிசெய்தேன். ஒன்றுதான் மிச்சம்: கோத்திரம் என்று வாங்கி வைத்திருக்கிறாய், எங்கேயும் பயன்படுத்தவில்லை. மாமியின் ஃபாரத்தில் அந்தக் கட்டம் இருந்தது, வாங்கினேன். எங்கள் நொச்சிக்குப்பத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அந்த வரியை நீக்கினேன். தப்பே இல்லை என்றது மெஷின்.

"அக்கா, நீ படிக்க வேணாம். மெஷினே பாஸ் போட்டுச்சு."

"நல்லதாப் போச்சு. எனக்குக் கண்ணு மிச்சம்."

மறுநாள் மாமி மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "மொதல்ல எங்காத்துப் பையனுக்கே பாருங்கோ."

ஸ்ரீதரின் விவரத்தைத் தட்டினேன். மாமி கொடுத்திருந்த பெண்கள் பட்டியலில் புரோகிராம் தேடியது. பிரிண்டர் கரகரவென்று அடித்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம்! பெருமையாக உரக்கப் படித்தேன். "பெண் பெயர் லலிதா. தாயார் மைதிலி. மயிலாப்பூர்."

படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

லலிதா அண்ணனைப் பார்த்தாள். "ஒன்பதா? நமக்கு ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லையேடா!"

மாமி தலையில் கை வைத்தார். "ஒரே கோத்திரம்னா அண்ணா தங்கை முறைன்னு கல்யாணமே பண்ண மாட்டா. நீ நெஜ அண்ணா தங்கைக்கே பண்ணி வெச்சுட்டியேப்பா!"

"மெஷின்தான் கோத்திரத்த வேணாம்னுச்சு மாமி."

மெஷின் சொன்ன தப்புகளை அச்செடுத்து வைத்திருந்தேன். அக்கா அதை எடுத்துப் பார்த்தார். "வேணாம்னு எங்கடா சொல்லிச்சு? வாங்கினியே, இன்னா பண்ணேன்னு கேட்டுகீது."

மாமி சிரித்துவிட்டார். சரிசெய்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சார் சிரிக்கவில்லை. "முதல்ல மெஷின், அப்புறம் சாந்தி. ரெண்டையும் தாண்டு, புரோகிராமர் ஆக்கறேன்."

தாண்டினேன். எட்டு மாதம் ஆனது.

வீட்டில் இன்றும் நான் பழையது எதையாவது தூக்கிப் போடப் போனால் மனைவி கேட்பாள். "இன்னாய்யா, மெஷின் சொல்லிச்சா?" பிள்ளைகள் சிரிக்கும். திருப்பி வைத்துவிடுவேன்.

பரணில் மூடியில்லாத மிக்சி ஜார் மட்டும் ஏழு.