மதில் கூலிக்கு ஒரு பிராது

நாலாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய். மரக்கடைக்குப் பின்னால் மதில் எழுப்பியதில் கொத்தனாருக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி அது. பிராதின் முதல் வரியும் அதுதான்.

நீதிமன்றக் குமாஸ்தா கம்பிக்கு அடியில் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"அண்ணே, பிரதிவாதி பேரு இருக்கவேண்டிய இடத்துல 'கல்நெஞ்சுக்காரன்'னு எழுதியிருக்கீங்க."

"இல்லையா பின்ன?"

"பேரு, தொழிலு, விலாசம். அவ்வளவுதான். பேசாம ஒரு வக்கீலப் பாருங்களேன்."

"அம்பத்திரண்டு வயசுல சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்து கத்துக்கிட்டது எதுக்கு சார்? நானே எழுதுவேன்."

வகுப்பில் தேறிய நாள் முதல் கொத்தனார் காசு விவகாரத்தை வாயால் பேசுவதில்லை. மதில் முடிந்த அன்றும், "பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல வரும்" என்று மரக்கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை. கடைப் பக்கம் போனால் அந்த மனிதர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை கல்நெஞ்சு போயிருந்தது. திட்டு மட்டும் இருந்தது.

"நடந்தத மட்டும் எழுதுங்கண்ணே. ஒண்ணு, ரெண்டுன்னு பத்தி பிரிச்சு."

இது கொத்தனாருக்குப் பிடிபட்டது. செங்கல் வரிசைதானே! அடுக்கினார். அடித்தளத்துக்கு வானம் தோண்டியது, மழை வந்தது, தார்ப்பாய் கிழிந்தது என்று நாற்பத்தொரு பத்தி.

"எல்லாம் இருக்கு. பாக்கிய என்னிக்குக் கேட்டீங்க, அவரு என்னிக்குத் தரலன்னாரு, அது மட்டும் இல்ல. அதானேண்ணே வழக்குக்கு அஸ்திவாரம்?"

அஸ்திவாரம் போடாத கொத்தனார் என்ற பேரா! வீட்டுக்கு வந்து நாற்பத்தொன்றையும் பிரித்துக் கட்டினார். வேலைக்குப் போகாமல் இது மூன்றாம் நாள்.

"ஒரு நடை போய் வாயால கேட்டா என்ன, முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் மனைவி.

"எழுத்துன்னா எழுத்துதான்!"

நான்காம் முறை குமாஸ்தா கடைசிவரை படித்தார்.

"பிரமாதம்ணே. மூணு கடிதம் போட்டேங்கிறீங்களே, நகல் எங்க?"

"ஒண்ணு எழுதவே ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. இதுல நகல் வேறயா?"

"அப்ப அவருகிட்டதான் போய் வாங்கணும்."

கொத்தனார் நேரே மரக்கடைக்கு நடந்தார். செய்தித்தாளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"என் கடுதாசியக் குடுங்க! நாலாயிரத்து எழுநூத்து முப்பது பாக்கின்னு எழுதினேன்ல, அந்த மூணும் வேணும்!"

மரக்கடைக்காரர் எழுந்தேவிட்டார். "நாலாயிரத்து எழுநூத்து முப்பதா?"

மளமளவென்று கல்லாவைத் திறந்து எண்ணி, கொத்தனார் கையில் வைத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து மூன்று உறைகளை எடுத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"பிரிச்சுக்கூடப் பாக்கலையா? அவ்வளவு இளக்காரமா?"

மரக்கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். செய்தித்தாளை மறுபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்:

"பிரிச்சு என்னண்ணே பண்றது? உங்களச் சேத்துக்கிட்ட வகுப்புல என்னையும் சேத்துப்பாங்களா?"