கேட்டுப்போட்டு வாய மூடணும்

கல்முனை.

அன்பு மகன் அஸ்கிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நான் சுகம். நீயும் கட்டாரில் வேளைக்குத் தொழுது, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆச் செய்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நான் போனில் பேசி அனுப்பும் வொய்ஸ் மெசேஜ்களை நீ வேகத்தைக் கூட்டிவிட்டுத்தான் கேட்கிறாய் என்று மருமகள் சம்மாந்துறையிலிருந்து வந்த நேரம் வாய் தவறிச் சொல்லிப்போட்டா. கடிதத்தை அப்படி ஓட்டேலாது. உன்ட கூட்டாளி றம்ஸீன் லீவு முடிஞ்சு அங்க வாறான், அவன்ட கையில தாறன்.

விசயம் இதுதான். நம்மட பள்ளியில இறந்துபோன பெண்கள்ட மையித்துகளைக் குளிப்பாட்டுற மேசை துருப்பிடிச்சு, ஒரு கால் ஆடுது. புதுசு வாங்க மாதர் சங்கம் முடிவெடுத்து, கணக்குப் பிழைக்காத ஆளெண்டு வசூலை என்ட தலையில கட்டிட்டாங்க. கணக்கெழுதுறது எனக்குச் சுகம் மகன், கேக்குறதுதான் வராது. சங்கத்துச் செயலாளர் ஸப்னா, நம்மட முன்வீட்டுப் புள்ள, பாடமே எடுத்தா. “மாமி, சுத்தி வளைக்காதீங்க. என்ன வேணும், எவ்வளவு வேணும், எப்ப வேணும். மூண்டையும் முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டு வாய மூடுங்க. மூடுறதுதான் முக்கியம்.”

ஓமெண்டு சொல்லிப்போட்டு முதல் வீடா ஸாலிஹாட வாசல் கடப்பைத் திறந்தன். உள்ளுக்கு அவட மாமி எழும்பேலாமக் கட்டில்ல கிடக்கா. அந்த மனிசிக்கு முன்னுக்கு நிண்டு மையித்து மேசையெண்டு எந்த வாயால சொல்ற? தேங்காய் விலை கதைச்சன், மழை கதைச்சன். “என்ன விசயமா வந்த புள்ள?” எண்டு அந்த மனிசியே கேட்டா. “சும்மா, உங்களப் பாக்கத்தான்.” “என்னப் பாக்கவா?” எண்டு கண் கலங்கிட்டா. பிளேன்டீ தந்தாங்க, வரக்குள்ள ஒரு பை மாங்காய் தந்தாங்க, சல்லி மட்டும் இல்ல, நான்தான் கேக்கல்லியே. அடுத்த வீட்டிலயும் அப்படித்தான், அங்க இனிக்க இனிக்க வட்டிலப்பம். வசூலுக்குப் போய் எனக்குச் சீனி வருத்தம் கூடினதுதான் மிச்சம்.

கடைசியாத் துணிஞ்சு, தளபாடக் கடை சீனிமுகம்மது காக்காட்டப் போய், முகத்தைப் பாத்து, “ஒரு மேசை வேணும்” எண்டு தொடங்கினன். மனிசன் உடனே எழும்பிட்டார். “வாங்க தங்கச்சி. எத்தன பேருக்கு?”

“ஒராளுக்கு.”

“ஒராள் குந்திச் சாப்பிட மேசை என்னத்துக்கு? முக்காலி காணும்.”

“குந்துறதுக்கில்ல காக்கா. மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி போடுறதுக்கு.”

கலியாணக் கட்டில் பாக்க வந்து நிண்ட சோடியொண்டு மெல்ல வெளியால போயிட்டு. தொகையைச் சொல்லாமலே நானும் ஓடி வந்திட்டன். வீட்டுக்கு வந்து போனைப் பாத்தா, நீ அனுப்பின சல்லி வந்ததாகப் பேங்க் மெசேஜ். மாதம் தவறாம என்னோட கதைக்கிறது அந்தப் பேங்க் ஒண்டுதான்.

ஆகையால் மகன், சங்கத்துக் கையிருப்புப் போக மேசைக்கு இன்னும் பாதிக் காசு குறைகிறது. உனக்கும் அங்கே ஆயிரம் செலவு இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாக விளங்கிக்கொள்வாய்.

உன் உழைப்பிலும் றிஸ்கிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரியட்டும். வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட. றம்ஸீனிடம் மாங்காய் ஊறுகாயும் அனுப்புகிறேன், ஸாலிஹா வீட்டு மாங்காய்தான்.

உன் உம்மா,
கைருன்னிஸா

பி.கு.: ஒட்டின கடிதத்தைத் திரும்பப் பிரிச்சு எழுதுறன். சல்லி அனுப்ப வேணாம். சீனிமுகம்மது காக்கா தானாகப் பள்ளிக்குப் போய், “அந்தத் தங்கச்சி இன்னொருக்கா என்ட கடைக்கு வரப்படாது” எண்டு சொல்லி, குறைஞ்ச காசு முழுக்கக் கட்டிட்டாராம். மேசை வந்திட்டு, பளபளவெண்டு இருக்கு. இனி ஒரு வீட்டுக் கடப்பைத் திறக்கவும் எனக்குக் காரணமில்ல. ஆனா கேக்கப் பழகிட்டன் போல. உன்ட முகத்தைப் பாக்கிறதா நினைச்சிச் சொல்றன். என்ன வேணும்: உன்ட போன் கோல். எவ்வளவு: நான் ஒரு பிளேன்டீ குடிச்சு முடிக்கிற நேரம். எப்ப: வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, உனக்கு லீவுதானே.

வாய மூடிட்டன்.