அனுமதி இல்லை, மாப்பிள்ளை

“எனக்கும் ‘அனுமதி இல்லை’ன்னுதான் வருது, மாப்பிள்ளை,” என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர், முதலாளியின் மகளைக் கட்டியவர். அதனால் ஊழியர்களில் பாதிப் பேருக்கு அவர் மாப்பிள்ளை, மீதிப் பேருக்கு சார். முன்பு சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவிதான். குழந்தை பிறந்ததும் பொறுப்பையும் பாஸ்வேர்டையும் இவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

“ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?” என்று மாமனார் சொல்லத்தான் சொன்னார். மாப்பிள்ளை கேட்கவில்லை. தானும் ஒரு ஆள்தான் என்று காட்டவேண்டாமா? லீவு நாளில் வந்து சர்வருக்குப் புது சாஃப்ட்வேர் போட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. இன்று காலை முதல், எல்லோருடைய வரைபடங்களும் இருக்கும் பொது ஃபோல்டர் யாருக்கும் திறக்கவில்லை.

மதியம் மாமனார், பள்ளிக்கூடம் கட்டப்போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்களுக்குக் காட்டவேண்டிய படம் அந்த ஃபோல்டருக்குள் இருந்தது. காட்டாவிட்டால் அந்த வேலை கைவிட்டுப் போகும். அதுகூடப் பரவாயில்லை, மாமனார் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை இனி சாகும்வரை சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும்.

செல்போன் அடித்தது. மனைவி.

“ஆபீஸ்ல எல்லாம் சரியாப் போகுதா?”

“ஜோராப் போகுது. நீ என்ன பண்ற?”

“சும்மாதான். துணி மடிச்சிட்டிருக்கேன்.”

வழக்கமாக அரைமணி நேரம் பேசுகிறவள், இன்று சட்டென்று வைத்துவிட்டாள். நல்லவேளை என்றிருந்தது அவருக்கு.

முதலில் டிராஃப்ட்ஸ்மேன் பெயரை மட்டும் சேர்த்து அனுமதி கொடுத்தார்.

“திறந்துடுச்சு,” என்றார் டிராஃப்ட்ஸ்மேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா சேவ் ஆக மாட்டேங்குது.”

சேவ் செய்யவும் அனுமதி கொடுத்தார்.

“இப்பத் திறக்கவே மாட்டேங்குது.”

“நல்லாப் பாருங்க.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாக்கறேன், மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை, பொறுத்தது போதும் என்று, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று சர்வரையே திறந்துவிட்டார்.

ரிசப்ஷனில் இருந்த பெண், காலையிலிருந்து காதில் ஒட்டியிருந்த போனை எடுக்காமலே எட்டிப் பார்த்தாள். “சார், எனக்கு முதலாளியோட பல் எக்ஸ்ரே தெரியுது.”

“ஐயையோ, பாக்காதீங்க. மூடுங்க.”

“கடவாய்ப் பல்லு ரெண்டு இல்ல போலிருக்கே, சார்.”

அவர் மவுஸைத் தொடுவதற்குள் எக்ஸ்ரே தானாகவே மறைந்தது. கூடவே எல்லாம் மூடிக்கொண்டது. அந்தப் பெண் மறுபடி போனில் குசுகுசுவென்று ஏதோ பேச ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நான் தொடவே இல்லையே,” என்று டிராஃப்ட்ஸ்மேன் காதருகே போய்ச் சொன்னார். “சர்வருக்குள்ள யாரோ இருக்காங்க.”

“பேயா?”

“திருடன். நான் இந்தப் பக்கம் கொடுக்கறதை அவன் அந்தப் பக்கம் பிடுங்கறான்.”

“நம்ம படிக்கட்டுப் படத்தைத் திருடி அவன் எங்க ஏறப்போறான்?”

“சிரிக்காதீங்க. பாஸ்வேர்டை மாத்திட்டா அவன் கதை முடிஞ்சது.”

முடிந்தது அவர் கதைதான். பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, போட்டார். தப்பு என்றது. நிதானமாக, ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தப்பு. கடைசியில் திரை அவரை வெளியே தள்ளிவிட்டு, அவருக்கே சொன்னது: ‘அனுமதி இல்லை.’ திருடன் முந்திக்கொண்டான். வீட்டுக்காரன் வாசலில் நிற்கிறான்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் மாமனாரின் குரல், விருந்தாளிகளுக்குப் பெருமையாக எதையோ சொல்லிக்கொண்டே ஏறி வந்தது. மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நான்தான் கெடுத்தேன் என்று நேரடியாகச் சொல்லிவிடுவது, வேறு வழியில்லை.

“மாப்பிள்ளை,” என்றார் டிராஃப்ட்ஸ்மேன். “திறந்துடுச்சு.”

“சேவ்?”

“அதுவும் ஆகுது.”

எல்லோருக்கும் திறந்திருந்தது. அவரவர்க்கு உரியது மட்டும், அச்சுப் பிசகாமல். பள்ளிக்கூடப் படம் பெரிய திரையில் பளிச்சென்று வந்தது. மாமனார் உள்ளே நுழைந்து, படத்தைப் பார்த்து, மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித் தட்டியதே கிடையாது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

ரிசப்ஷன் பெண் ஒருவழியாகப் போனை வைத்துவிட்டு, சிவந்துபோன காதைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

“உங்க மனசு கஷ்டப்படும், சொல்லாதேன்னாங்க, சார். இருந்தாலும் சொல்றேன். காலையிலேர்ந்து உங்க வீட்டம்மாதான் வீட்டுல உக்காந்தே சர்வரைச் சரி பண்ணிட்டிருந்தாங்க. அவங்க சரி பண்ணப் பண்ண எவனோ ஒரு திருட்டுப் பய உள்ள பூந்து கெடுத்துட்டே இருந்தானாம். இப்பத்தான் பாஸ்வேர்டை மாத்தி அவனை வெளிய தள்ளினாங்களாம்.”