சிங்க்கில் ஒரு பீக்கர்

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை எத்தனை ஆய்வகங்கள் உண்டோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள், எதையுமே கீழே கொட்டாத மனிதர் எங்கள் 'கொட்டாத மச்சான்' ஒருவர்தான். ஆராய்ச்சி மாணவர், எனக்கு இரண்டு வருடம் சீனியர். யார் கையில் சோதனைக் குழாய் சாய்ந்தாலும் "கொட்டாத மச்சான்!" என்று அலறுவார். அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் வேலை, தானியம் விதைக்குள் சேமித்து வைத்திருக்கும் புரதத்தைப் பிரித்தெடுப்பது. மாவாக்கு, கரை, சுழற்று, கொட்டு, மறுபடி கரை. வருடக்கணக்கில் இதையே செய்தால் யாருக்கும் அலுத்துப்போகும். அவருக்கு மட்டும் அலுக்காது. நாங்கள் கொட்டுவதைப் பிடிக்க, தினமும் காலையில் கழுவிய பீக்கர் ஒன்றை சிங்க்குக்குள் வைப்பார். விழுந்ததைப் புட்டியில் ஊற்றி, 'யாரோ கொட்டியது, செவ்வாய்' என்று சீட்டு ஒட்டி ஃப்ரிட்ஜில் அடுக்குவார். ஒருநாள் பேராசிரியர் ஃப்ரிட்ஜைத் திறக்க, நான்கு புட்டிகள் அவர் காலில் விழுந்தன. "ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்றார் இவர்.

மாடம்பாக்கத்திலிருந்து அவர் மனைவி எனக்கே போன் செய்தார். "அண்ணா, அரிசி களைஞ்ச தண்ணியக்கூட எடுத்து வைக்கச் சொல்றாரு. வீட்ல பாத்திரமே இல்ல. நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் என்னத்தைச் சொல்ல? என் பாடே பெரும்பாடு. கையிலிருந்தது ஒரு பிடி பழைய ரகக் கம்பு. தந்த விவசாயியிடமும் வேறு விதை இல்லை. அதிலிருந்து புரதம் எடுத்துக் காட்டினால்தான் என் ஆய்வு முடியும். முதல் நாள் மாவைத் தண்ணீரில் அலசிக் கொட்டினேன். இரண்டாம் நாள் உப்புத் தண்ணீரில் அலசிக் கொட்டினேன். மூன்றாம் நாள் காலை ஆல்கஹால். இப்போது எனக்கு வேண்டிய புரதம் அந்தக் கரைசலில்தான் இருக்கும், கொட்டவே கூடாது. அலுத்துப்போன கை, பழக்கதோஷத்தில் கொட்டிவிட்டது.

"கொட்டாத..." என்று அவர் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் போயிற்று. சோதனைக் குழாயின் அடியில் வெறும் சக்கை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

அவர் சிங்க்கிலிருந்து பீக்கரை எடுத்து நீட்டினார். "இன்னாத்துக்கு அழுவுற? உன் கம்பு இதுல கீது பாரு."

தினமும் அந்தப் பீக்கரைத் திட்டிக்கொண்டே நகர்த்திவிட்டுத்தான் கொட்டுவேன். அன்று நகர்த்தக்கூடத் தெம்பில்லை.

பீக்கரில் இருந்ததை ஜெல்லில் ஓட்டிச் சாயம் ஏற்றினேன்; புரதம் இருப்பதைக் காட்டும் நீலப் பட்டைகள் பளிச்சென்று விழுந்தன. பட்டமும் வாங்கினேன்.

இப்போது என் ஆய்வகத்தில், சிங்க்கில் கிடக்கும் பீக்கரைப் பார்த்து மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். காலையில் அதைக் கழுவி வைக்கும்போதெல்லாம், அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரிடம்தான் ஒருநாளும் சொன்னதில்லை.