நாணல் வாய்க்கால்: பீமராவ் மற்றும் பலர்

நாற்றங்கள் இரண்டு வகைப்படும். ஆய்விதழில் ஏறிய நாற்றம் ஒன்று; ஏறாத நாற்றம் மற்றொன்று. முதலாவது அறிவியல், இரண்டாவது வதந்தி. மனிதகுலம் இத்தனை காலம் மூக்கை நம்பி மோசம் போய்விட்டது என்பதை முதன்முதலாக உணர்ந்தவர் முனைவர் பீமராவ் அவர்கள்தான். அந்த ஞானம் உதித்த இடம் திருச்சியில், உறையூரைத் தாண்டி, பெயர்ப்பலகையில் 'பசுமை' என்ற சொல் மூன்று முறை வரும் ஒரு தனியார் கல்லூரி. அங்கே அவர் சுற்றுச்சூழல் அறிவியல் துறைத் தலைவர். கல்லூரியின் 'சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பொறுப்பு அலுவலர்' என்ற பதவியும் அவரிடமே இருந்தது. அதற்கென்று வேலை ஏதும் இல்லாததால் வைத்துக்கொள்வதில் சிரமமில்லை.

தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் வருவார். காவிரிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கி, "ரங்கா!" என்று ஒரு முழு மூச்சு இழுப்பார். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் நாணல் வாய்க்கால் வருமுன் கண்ணாடி ஏறிவிடும். ஏன் சார் என்று யாராவது கேட்டால், "ஏசி வீணாப் போகுதுல்ல?" என்பார்.

அவரிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாக இருந்த கலைமதிக்கு ஏசி வைத்த கார் கிடையாது. வீடும் வாய்க்கால் கரைத் தெருவிலேயே. அந்தத் தெருவில் போர் போட்டால் தண்ணீர் நுரையோடு வரும். சோப்பு போடாமலே துணி துவைக்கலாம். ஐந்து வயது மகளுக்கு, டில்லியில் நுரை பொங்க ஓடும் யமுனாவின் பெயரை வைத்தபோது கலைமதி இந்தப் பொருத்தத்தை யோசிக்கவில்லை. குளிப்பாட்டிவிட்டால் குழந்தையின் முதுகெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். ராத்திரியில் சொறிந்து சொறிந்து அழும். தில்லை நகர் தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "தண்ணியை மாத்துங்க" என்றார். தண்ணீரை மாற்றுவது எப்படி என்று அவர் எழுதித் தரவில்லை.

காரணம் ஊரறிந்தது. கல்லூரி விடுதி கட்டிப் பன்னிரண்டு வருடமாக அதன் கழிவுநீர்க் குழாய் நேரே வாய்க்காலில்தான் திறந்திருந்தது. குழாயின் தலைக்கு மேலேயே 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று துறை ஒரு பலகை நட்டிருந்தது.

தெருக்காரர்கள் புகார் கொடுக்கும்போதெல்லாம் கல்லூரிக் கருத்தரங்க அறையில் விசாரணைக் கூட்டம் நடக்கும். பீமராவ் நூலகத்தின் ஆராய்ச்சித் தரவுத்தளத்தைத் திரையில் திறக்கச் சொல்வார். உலகத்தின் சுற்றுச்சூழல் கட்டுரைகள் அத்தனையும் அதற்குள் அடக்கம். 'நாணல் வாய்க்கால்' என்று தட்டச்சு செய்ததும், 'முடிவுகள்: 0' என்று வரும். "நான் சொல்லலைங்க, விஞ்ஞானம் சொல்லுது" என்று அவர் கைகூப்புவார். விஞ்ஞானத்தோடு வாதாட முடியாமல் தெரு எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

கலைமதி ஒருநாள் துணிந்து அவர் அறைக்குப் போனாள்.

"சார், வாய்க்கால்லயும் போர்லயும் சாம்பிள் எடுக்க பர்மிஷன் வேணும். நாத்தம் தாங்கலை சார்."

"மூக்கு ஒரு கருவி இல்லம்மா. உன் மூக்கைக் காலிபரேட் பண்ணினதுக்கு சர்டிபிகேட் இருக்கா?"

"அதுக்குத்தான் சார் டெஸ்ட் பண்ணணும்கறேன்."

"முன்னாய்வு இல்லாம எந்த அடிப்படையில சாம்பிள் எடுப்ப? யாராவது எழுதியிருக்கணும்ல?"

"எடுத்தாத்தானே சார் எழுத முடியும்?"

"கரெக்ட். எழுதினதும் எடு." பீமராவ் பெருந்தன்மையோடு சிரித்தார். "டேட்டாபேஸ்ல தேடு. நாணல் வாய்க்காலைப் பத்தி ஒரே ஒரு பேப்பர் காட்டு. நானே கையெழுத்துப் போடுறேன்."

இப்படித்தான் அந்தத் துறை வளர்ந்தது. வாய்க்காலை ஆராய வந்தவர்கள் எல்லோரும் முன்னாய்வு கிடைக்காமல் ஐரோப்பாவின் டான்யூப் நதிக்குப் போய்விட்டார்கள். டான்யூபைப் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஜன்னலை இறுக மூடிக்கொண்டு, இங்கிருந்தே எழுதப்பட்டன. அத்தனையிலும் முதல் பெயர் பீமராவ். ஆராய்ச்சி மாணவர்கள் எழுதுவார்கள், வழிகாட்டியின் பெயர் முன்னால் வரும். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் போடுகிற மாதிரி அது ஒரு மரியாதை; தாத்தா பத்திரிகையைப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கலைமதி நூலகத்தில் உட்கார்ந்தாள். நூலகர் மன்சூர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆங்கிலத்தில் கால்வாய் என்று போட்டதும் பல் வைத்தியக் கட்டுரைகள் வந்து குவிந்தன.

"பல்லுக்குள்ள ஓடுறதும் கனால்தானேம்மா," என்றார் மன்சூர். "அதுக்குக்கூட ஆராய்ச்சி இருக்கு பாருங்க."

"நாத்தம்னு போடட்டுமாண்ணே?"

"வராது. 'ஆல்ஃபாக்டரி நியூசன்ஸ்'னு போடுங்க. டேட்டாபேஸ் கௌரவமான இடம்."

கௌரவமாகப் போட்டார்கள். லட்சக்கணக்கில் வந்தது. கழிவுநீர் என்று சேர்த்தார்கள், இன்னும் வந்தது. கடைசியில் நாணல் வாய்க்கால் என்று சேர்த்தார்கள். பூஜ்யம். உலகம் முழுக்க நாறியது, நம் வாய்க்கால் பெயரைச் சொன்னதும் மணத்தது.

ஊர்ப் பெயர், வார்டு, பக்கத்துக் கோயில் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கத் தேடினாள். கடைசி நாள் திரையைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டாள். குழந்தையின் முதுகில் இருப்பது உலகத்தில் எங்கேயும் இல்லை என்று ஒரு இயந்திரம் திரும்பத் திரும்பச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

மன்சூர் டீ வாங்கிவரச் சொன்னார். தானே சென்னையில் வேறு வேலை தேடிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நூலகத்தின் பின் ஜன்னல் வாய்க்கால் பக்கம்.

"ஒன்னுமே வரலை சார்," என்று பீமராவிடம் போய் நின்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "ஒன்னுமேவா? இத்தனை தேடியும் ஜீரோவா? கலைமதி, அது எவ்வளவு பெரிய ரிசல்ட் தெரியுமா?"

"சார்?"

"ஆய்வு இடைவெளி! 'நாணல் வாய்க்கால் பற்றிய ஆய்வுகளின் இன்மை'ன்னு ஒரு பேப்பர் போடு. இல்லாததைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. நம்ம டிபார்ட்மென்ட்ல எதையும் வீணாக்கக் கூடாதும்மா."

கழிவுநீரைத் தவிர என்று கலைமதி மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள். உட்கார்ந்து எழுதினாள். என்னென்ன சொற்களைத் தேடினாள், என்ன வரவில்லை என்று பத்துப் பக்கம். ஆய்விதழ்க்காரர்கள் 'ஆய்வுக்களம்' என்று ஒரு பகுதி கட்டாயம் கேட்டிருந்தார்கள். ஆகவே களத்தைக் கண்ணால் கண்டபடி எழுதினாள்: 'இக்கல்லூரி விடுதியின் கழிவுநீர்க் குழாய் பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வாய்க்காலில் திறந்திருக்கிறது. கரைத் தெருக்களின் போர்த் தண்ணீர் நுரைக்கிறது. இவை குறித்து ஆய்வு ஏதும் இல்லை.' படம் ஒன்று: குழாய், அதற்கு மேலே பலகை.

கட்டுரையைக் கொண்டுபோய் பீமராவின் மேஜையில் வைத்தாள். பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. பொய் எழுத மனம் வரவில்லை, மறைக்கவும் மனம் வரவில்லை.

"சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

"என் பேரு முதல்ல இருக்கா?"

"இருக்கு சார். ஆனா ஆய்வுக்களம் பகுதியை மட்டுமாவது..."

"பேருக்கு முன்னாடி 'முனைவர்' போட்டுடாதே. வெளிநாட்டு ஜர்னல்ல சிரிப்பாங்க."

"சார், படம்கூட ஒன்னு..."

"கலரா? நல்லது, அனுப்பிடு."

ஆடியில் அனுப்பிய கட்டுரை கார்த்திகையில் வெளியானது. தை பிறப்பதற்குள் தரவுத்தளத்திலும் ஏறிவிட்டது. பீமராவ் கல்லூரி வாசலில் தன் படத்தோடு ஒரு பேனர் வைத்துக்கொண்டார். பேனரிலும் கட்டுரையின் தலைப்பு மட்டும்தான் இருந்தது.

மாசியில் தெருக்காரர்கள் மறுபடி புகார் கொடுத்தார்கள். இந்த முறை விசாரிக்க வந்தவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த உதவிப் பொறியாளர் ஆனந்தவள்ளி. தெருவின் சார்பில் மாரியாயி ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்துவந்து மேஜையில் நங்கென்று வைத்தாள். அது குலுங்கியதில் நுரை கழுத்துவரை ஏறியது. மைக் நனைந்துவிடும் என்று பீமராவ் அதை எடுத்துத் தரையில் வைத்தார்.

"மேடம், உணர்ச்சி வேற, ஆதாரம் வேற," என்று தொடங்கினார். "டேட்டாபேஸ்ல இருந்தா ஒத்துக்கறோம். இல்லைன்னா இல்லை. மன்சூர், தேடுங்க."

மன்சூர் தட்டினார். திரையில் வந்தது: 'முடிவுகள்: 1.'

பீமராவ் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். "பீமராவ் மற்றும்..." அதற்குள் அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. "மேடம், இந்த வாய்க்காலைப் பத்தி உலகத்துல இருக்கிற ஒரே பேப்பர். அது அடியேனோடது!" அவரே கைதட்டினார். துறையும் தட்டியது. என்ன ஏதென்று தெரியாமல் தெருவில் சிலரும் தட்டினார்கள்.

"நல்லதுங்க சார். திறங்க, படிக்கலாம்," என்றார் ஆனந்தவள்ளி.

"எதுக்கு மேடம் முழுசும்? தலைப்பே போதும்."

"நீங்க எழுதினதுதானே? திறந்தா என்ன?"

மன்சூர் திறந்தார். முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேரே ஆய்வுக்களத்துக்குப் போனார். அது தற்செயலாக இருக்கலாம். திரை முழுக்கக் குழாய் விரிந்தது.

"அட, நம்ம குழாய்டி!" என்றாள் மாரியாயி.

ஆனந்தவள்ளி கீழே இருந்த வரிகளை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். பீமராவ் கலைமதி பக்கம் சாய்ந்தார்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நீங்கதான் சார். முதல் பேரு."

எப்படியோ சொல்லிவிட்டாள்.

"இதை எழுதினது நீங்கதானா சார்?" என்று பொறியாளரும் கேட்டார்.

ஒரு மாமனிதரின் வாழ்வில் இப்படியொரு கணம் வரத்தான் செய்கிறது. நானில்லை என்றால் குழாய்ப் பழி போய்விடும். ஆனால் டான்யூபும் கூடவே போகும். நாற்பது கட்டுரைகளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்து அதே கேள்வியைக் கேட்கும். நான்தான் என்றால் கட்டுரை நிற்கும், குழாய்ப் பழியும் நிற்கும். கலைமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதுகு இந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது.

பீமராவ் கேன் தண்ணீரில் ஒரு வாய் குடித்தார். மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"எஸ் மேடம். ஆத்தர் நான்தான். ஒவ்வொரு வரியும் என்னோடதுதான்."

பன்னிரண்டு வருடமாகச் சாக்கடையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத துறை, கட்டுரையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. விஞ்ஞானியின் நேர்மை என்பது இதுதான்.

ஆனந்தவள்ளி பேனாவைத் திறந்து நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். பீமராவுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"மேடம், ஒரு விண்ணப்பம். நோட்டீஸ்ல நம்ம பேப்பரை மேற்கோள் காட்டுவீங்கல்ல? அப்ப என் பேரு முதல்ல வரணும்."

ஆனந்தவள்ளி நிமிராமல், "கவலையே படாதீங்க சார்," என்றார். "பொறுப்பு அலுவலர் நீங்கதானே? நோட்டீஸே உங்க பேருக்குத்தான்."