வெள்ளைத் தாடியும் கறுப்புத் தைலமும்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், உலகத்தில் இனி நோய் கிடையாது. சளி, காய்ச்சல், அம்மை எல்லாம் போன மாதத்தோடு ஒழிந்துவிட்டன. மருத்துவர்கள் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாபெரும் அறிவிப்பு, கடைத்தெருவில் மூடிக் கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் பெரிய துணிப் பதாகையாகத் தொங்கியது. உள்ளே வீற்றிருந்தவர் கவசர். மார்பு வரை வெள்ளைத் தாடி. கைகளில் வெள்ளைப் பட்டு உறை. முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கறுப்புத் தைலம். வெள்ளிக் குச்சியால் அதைத் தொட்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, நீட்டுகிற கையில் ஒரு பொட்டு வைப்பார். கட்டணம் கிடையாது, அன்பளிப்புதான். அந்த அன்பளிப்பு எவ்வளவு என்பது மட்டும் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

முதல் பொட்டுக்கு ஒன்றும் ஆகாது. "கவசம் உறங்குகிறது" என்பார். சில வாரம் கழித்து இரண்டாவது பொட்டு. இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, தடித்து, அரிக்கும். "கவசம் விழித்துவிட்டது" என்பார். விழிக்காதவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம். அவர்கள் மூன்றாவது பொட்டுக்கு மறுபடி வரிசையில் நிற்கலாம்.

விழித்தவர்களில் ஒருவர் நம் காப்பீட்டு முகவர். "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று ஊரையே பயமுறுத்திப் பிழைத்தவர், தான் விற்ற பயத்தை இப்போது தானே வாங்கிக்கொண்டிருந்தார். வலது கையில் எழுந்த முத்திரையைக் காட்டவே சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிந்தார். லிப்டில் கூட வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தே தீர வேண்டியிருந்தது. அரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பரவசம் என்று சொல்லிக்கொண்டார்.

அவரைக் கவசரிடம் கூட்டிக்கொண்டு போனவர் மாடி வீட்டு அத்தை. குடியிருப்பில் யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி. "இந்த மகானை எங்கேயோ பாத்திருக்கேன்ப்பா" என்பார் அடிக்கடி. "போன ஜென்மத்துலயா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை முகவரின் மனைவி குழந்தைக்கு வாழைப்பழம் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர்.

"திங்கட்கிழமை குழந்தைக்குத் தட்டம்மை ஊசி. ஞாபகம் இருக்கா?"

"ஊசியா? எதுக்கு? ஞாயித்துக்கிழமை கவசர்கிட்ட தூக்கிட்டுப் போறேன். பேர் குடுத்தாச்சு."

கரண்டி பாதி வழியில் நின்றது. குழந்தை மட்டும் வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

"அந்தத் தைலம் என்ன வாடை அடிக்குது?"

"தெய்வீக வாடை."

"கொஞ்சம் விவரமா சொல்லுங்க."

முகவர் யோசித்தார். "எங்க மேலாளர் மாசத்துல ஒரு நாள் திடீர்னு கறுகறுன்னு தலையோட வருவாரே, அன்னைக்கு அவர் பக்கத்துல நின்னா ஒரு வாடை வரும். அந்த மாதிரி."

அவள் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, முக்குக் கடைக்குப் போய், தலைக்கு அடிக்கும் டை ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

"உங்க இடது கையில கடுகளவு வைக்கிறேன். முணுமுணுக்க மாட்டேன். தடிக்கலேன்னா குழந்தையை நானே கவசர்கிட்ட தூக்கிட்டு வர்றேன். தடிச்சா ஊசி. சம்மதமா?"

"கடைச் சாயத்துக்குக் கவசம் எழும்புமா? தாராளமா வை!"

தன் கையிலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை முகவரின் இடது கை, வலது கையைவிடப் பெரிதாக எழுந்து உட்கார்ந்திருந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை.

"உனக்கு ஏன் வரல?" என்றார் இரண்டு கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டே. "உனக்கு நம்பிக்கை இல்ல, அதான்."

"எது மேல, டை மேலயா? எனக்கு இதுதான் முதல் தடவை. நம்ம வாட்ச்மேன் என்ன பண்ணுவார், சொல்லுங்க."

"யார் வந்தாலும் தடியைத் தூக்குவார். குடியிருக்கிற என்னையே ரெண்டு தடவை நிறுத்தியிருக்கார்."

"உடம்புல பிறவியிலேயே இருக்கிற காவல் அப்படித்தான். பேர் கேக்காது. முகம் ஞாபகம் வெச்சுக்காது. வெளியாள்னு தோணுச்சா, உடனே அடி. சரி, மாடி வீட்டு அத்தை எப்படி?"

"அம்மாடி! புதுசா ஒருத்தர் குடி வந்தா விசாரிச்சு முடிக்கவே அத்தைக்கு ரெண்டு வாரம் ஆகும். ஆனா அதுக்கப்புறம் அந்த ஆள் தெருமுனையில திரும்பும்போதே ஜன்னல்ல அத்தை தலை தெரியும்."

"அதுதான் ரெண்டாவது காவல். முதல் தடவை மெதுவாத்தான் கத்துக்கும். கத்துக்கிட்டா மறக்காது. உங்க உடம்புல இருக்கிற அத்தை இந்தச் சாயத்தைத் திருடன்னு முடிவு கட்டிட்டாங்க. அதான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். வீங்க வைக்கிறது கவசர் இல்ல, நம்ம ஆளுங்கதான்."

"அப்ப தட்டம்மை வந்தா?"

"அத்தைக்கு அது யாருன்னே தெரியாதே! அவங்களுக்குச் சாயத்தைத்தான் தெரியும். ஊசிங்கறது, தட்டம்மைங்கற திருடனைக் கை காலைக் கட்டிக் கொண்டு வந்து அத்தைகிட்ட முன்னாடியே காட்டி வைக்கிறது."

முகவருக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதுதான் சங்கடம். லிப்டில் அத்தனை பேரிடம் காட்டியாயிற்றே! "கவசர் தூரத்துல இருந்தே அந்தப் பாக்கெட்டுக்குச் சக்தி ஏத்தியிருப்பார்" என்று முனகிக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அப்படியா? அவர்கிட்டயே கேட்டுடலாம், வாங்க" என்றாள் அவள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. சொறியும் சத்தம் மழைச் சத்தம் போலக் கேட்டது. முன்வரிசையில் அத்தை. முகவரின் முறை வந்ததும் டீச்சர் பவ்யமாகக் கும்பிட்டாள்.

"ஐயா, இவருக்கு ரெண்டு கையிலயும் கவசம் விழிச்சிருக்கு. ஒண்ணு நீங்க வெச்சது. இன்னொண்ணு வேற ஒரு இடத்துல வெச்சது. எது உண்மையான கவசம்னு நீங்கதான் காட்டணும்."

வேறு இடமா! கவசரின் புருவம் ஏறியது. கடைத்தெருவில் போட்டி முளைத்துவிட்டால் மகான்களுக்கும் தூக்கம் கெடும். இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்தார். பெரியதைத் தேர்ந்தெடுத்தார்.

"போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்! இதோ, இந்த இடது கை. என்ன தேஜஸ் பாருங்கள்! வலது கையில் இருப்பது வெறும் கொசுக்கடி."

முகவருக்குச் சுருக்கென்றது. "கொசுக்கடியா? ஒரு வாரமா ஊரெல்லாம் காட்டிட்டு வர்றேன் ஐயா! அதுதான் நீங்க வெச்சது!"

டீச்சர் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். "இடது கையில இருக்கிறது இது. முக்குக் கடை சரக்கு. நரையை மறைக்கும்னு போட்டிருக்கு. நோயைத் தடுக்கும்னு போடல."

சொறியும் சத்தம் நின்றது.

"என் பார்வை பட்டால் எந்தச் சாயமும் கவசமாகும்!" என்றார் கவசர்.

"நல்லதாப் போச்சு. அப்ப உங்க கையிலயும் ஒரு பொட்டு வெச்சுடுவோம். உறையைக் கழட்டுங்க ஐயா."

கிண்ணத்திலிருந்த வெள்ளிக் குச்சியை எடுத்து அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கவசர் ஆசனத்தோடு பின்னால் சாய்ந்தார். ஆசனம் கவிழ்ந்தது. மகானின் தொண்டையிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் கிளம்பியது.

"அய்யய்யோ, கிட்ட கொண்டு வராதம்மா! எனக்கு அது ஒத்துக்காது! போன தடவை மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு!"

அத்தை எழுந்து நின்றார்.

"இந்தக் குரல்! போன ஜென்மம் இல்லடி, சலூன்! ரயிலடிக்கு எதிர்ல டை அடிக்கிற கடை வெச்சிருந்தவன்தானே நீ? அப்ப மீசை கூட மை மாதிரி இருக்குமே!"

தரையில் கிடந்தபடி கவசர் மெதுவாகச் சொன்னார்: "மூஞ்சி வீங்கினதுக்கு அப்புறம்தான்க்கா கடையை மூடினேன்."

ஆக, மகானின் வரலாறு இவ்வளவுதான். நாளெல்லாம் டையில் கை வைத்ததில் அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. டை அடிக்க முடியாததால் தாடி வெளுத்தது. தாடி வெளுத்ததால் ஜனங்கள் கும்பிட்டார்கள். கும்பிட்டதால் மீந்துபோன சரக்கு தைலமாயிற்று.

முகவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி இறங்கும்போது குழந்தை நர்சைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரணு, ஒரு முறை பார்த்த எதிரியை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. கழுத்துக்கு மேலே இத்தனை பெரிய மூளையை வைத்துக்கொண்டு நாம் ஒரு வாரம்கூட ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அந்த மூளையையும் ஒரு நாள் உபயோகித்துப் பார்க்கலாம். தடிக்காது, அரிக்காது.

அந்தக் கூடத்தில் இப்போது காந்தத் தண்ணீர் விற்கிறார்கள். வரிசை தெருமுனை வரை நிற்கிறது.