மல்லிகைக்குக் கீழே டொல்பின்

"கந்தசஷ்டி தொடங்கிற வீட்டில, பிரிட்ஜுக்குள்ள டொல்பினோ?"

"அதுக்காகப் பிள்ளையின்ர ஆராய்ச்சியை மல்லிகைக்குக் கீழ தாட்டுப்போடுறதோ? நீர் மனிசிதானோ?"

துறைமுக வீதியில் தவராசா வீட்டுச் சண்டையைக் கேட்க யாரும் காதைத் தீட்டத் தேவையில்லை. மதில் உயரம் குறைவு.

விரதத்துக்கு வீடு கழுவிய அவர் மனைவி தங்கரத்தினம், பிரிட்ஜில் போத்தல்களில் இருந்த மாமிசம் அத்தனையையும் மல்லிகைக்குக் கீழே புதைத்துவிட்டார். போத்தல்கள் ஐந்தையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒட்டிய பெயர் கலையாமல் கவிழ்த்திருந்தார். வௌவால், மான், கீரி, மாடு, டொல்பின்.

மகள் தர்சிகா அலைந்து சேர்த்தவையாம். பாலூட்டிகளின் மரபணுக்களை மனிதனுடையதோடு ஒப்பிடுவாள். கோடிக்கணக்கான வருடமாக எல்லாவற்றிலும் மாறாமல் கிடக்கும் பகுதி எதுவோ, மனித உடம்பிலும் அதற்கு வேலை இருக்கும். சரிவந்தால் நோர்வேயில் மேற்படிப்பு. சனிக்கிழமை போத்தல்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக வருகிறாள். அன்று வியாழன்.

"சூரை மீன் வாங்கி அடைப்பமோ?" என்றார் தவராசா.

"சூரை பால் குடுக்குமோ? உங்களைக் கட்டின என்னைச் சொல்லோணும்."

விரதத்தோடு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிண்ணியாவில் சரீபின் இறைச்சிக் கடைக்குப் போய், ஐந்து சின்னத் துண்டு வெட்டுவித்துக்கொண்டு வந்தார் தங்கரத்தினம்.

"ஐஞ்சுக்கும் ஒரே ஆடோ?" என்றார் தவராசா.

"முந்தியும் ஐஞ்சும் ஒரே நிறமாத்தான் கிடந்தது. வாயை மூடுங்கோ."

இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. வௌவாலுக்கும் டொல்பினுக்கும் இடையில், மரபணுவில் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை! அப்படிப் பார்த்தால் உடம்பில் வேலையில்லாத பகுதியே கிடையாது. பேராசிரியர் ஒரு நாள் சந்தோசப்பட்டார். மறுநாள் ஐந்தும் ஆடு என்று கண்டுபிடித்தார்.

தங்கரத்தினம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்.

"என்ர வாழ்க்கையையே தாட்டுப்போட்டியள், அம்மா!" தர்சிகா போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டது.

பல்கலைக்கழகம் இரக்கப்பட்டு வேறு மாதிரிகளைக் கொடுத்தது. அவள் பட்டமெடுத்து நோர்வே போய், அங்கேயே கிருஷாந்த் என்றொருவனைக் கட்டினாள். தாய்க்குக் கலியாண அழைப்புமில்லை, பிறகு போனுமில்லை. தவராசாவும் கோபித்துக்கொண்டு இலங்கைத்துறைக்கு, தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். தனித்த தங்கரத்தினம் எலும்பும் தோலுமானார்.

போன கிழமை சந்தையடியில் சரீப் அவரைக் கண்டு, "என்ன அக்கா, இப்பிடி உருகிப்போனீங்க?" என்றார். தங்கரத்தினம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

சரீப் தாடியைச் சொறிந்தார்.

"நான் அது உங்கட வீட்டுப் பழக்கமெண்டெல்லோ நினைச்சன். நீங்க வாறதுக்கு ஒரு மாசம் முந்தி, மகளும் வந்து இதே மாதிரி ஐஞ்சு சின்னத் துண்டு வெட்டுவிச்சுக்கொண்டு போனவ."